குழந்தைக்குச் செரிபிரல் பால்சி: கைப்பேசியில் எதைத் தேடுவது, யாரை நம்புவது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்குப் பதினொரு மாதம். 29ஆம் வாரத்திலேயே பிறந்தவன். போன வாரம் மருத்துவர் செரிபிரல் பால்சி என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. கும்பகோணத்திலிருந்து மாமியார் சென்னை ஸ்டெம் செல் (மூல உயிரணு) சிகிச்சைக் காணொளிகளை அனுப்புகிறார். எதை நம்புவது? ஆங்கிலம் ஓரளவு வரும், தமிழில் ஏதாவது கிடைக்குமா? கணவருக்கு ஷிஃப்ட் வேலை. காணொளி அழைப்பில் சிகிச்சையாளரைப் பார்க்கலாமா? பெற்றோர் குழுக்களில் சேரலாமா? காதுகுத்துக்கு ஊருக்கு அழைத்துப் போகலாமா? சொல்லுங்கள் அக்கா."

அக்கா என்று அழைத்துவிட்டீர்கள், அந்த உரிமையில் பேசுகிறேன். என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. அவளுக்கும் செரிபிரல் பால்சிதான். நான் மருத்துவர் அல்ல. பதினாறு ஆண்டுகளாகச் சிகிச்சை அறைகளின் வாசலில் உட்கார்ந்து, புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாள்களைப் படித்து விளக்கிச் சொல்லிப் பழகியவள்.

உங்கள் பயம் ஏன் கூடுகிறது என்பதில் தொடங்குகிறேன். நீங்கள் தேடுவது ஒரு பெயரை. வளரும் மூளையில் ஏற்பட்ட காயத்தால் தசைகளும் அசைவும் பாதிக்கப்படும் பல நிலைகளுக்கு அது பொதுப்பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு பள்ளித் திடலில் பந்து விளையாடும் பையனும் இருக்கிறான். தலையை நிமிர்த்தவே துணை வேண்டிய குழந்தையும் இருக்கிறது. கைப்பேசிக்கு உங்கள் மகன் யார் என்று தெரியாது. எல்லாரையும் ஒரே திரையில் கொண்டுவந்து கொட்டும். கட்டிலில் படுத்தபடி அத்தனை பேரின் எதிர்காலத்தையும் உங்கள் பிள்ளையின் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

ஆகவே தேடுவதற்கு முன் மகனைப் பற்றி நான்கு விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். முதலாவது வகை: தசை இறுகும் வகையா, தானாக நெளியும் அசைவுகள் கொண்டதா, தள்ளாட்டம் கொண்டதா, கலப்பா? பெரும்பாலான குழந்தைகளுக்குத் தசை இறுக்கம்தான். இரண்டாவது, உடலில் எந்தப் பகுதி: ஒரு பக்கக் கையும் காலுமா, இரண்டு கால்களும் அதிகமாகவா, உடல் முழுவதுமா? மூன்றாவது, எம்ஆர்ஐ படத்தில் என்ன தெரிந்தது? நான்காவது, அசைவுத் திறனில் எந்த நிலை?

இந்த நான்காவதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் இனி நீங்கள் படிக்கப்போகும் எல்லாவற்றுக்கும் திறவுகோல் அதுதான். கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேன்சைல்ட் என்ற ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே 1997இல் ராபர்ட் பாலிசானோவும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஜிஎம்எஃப்சிஎஸ் என்பார்கள். ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலைக் குழந்தை நடக்கும், ஓடும், வேகத்திலும் சமநிலையிலும்தான் தடுமாறும். ஐந்தாம் நிலைக் குழந்தையை எங்கே போவதானாலும் சக்கர நாற்காலியில் வைத்து நாம் தள்ளிச் செல்ல வேண்டும். இடையில் உள்ள மூன்றும் படிப்படியாக வரும். உலகில் எந்த ஊரில் எழுதப்பட்ட ஆய்வானாலும், "நிலை மூன்று" என்றால் பொருள் ஒன்றே. பெயரோடு இந்த எண்ணையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், திரையில் வருவதே மாறிவிடும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு வயதுக்கு முன் சொல்லப்படும் நிலை பின்னால் மாறக்கூடும். உங்கள் மகனுக்கு வயதுக் கணக்கே வேறு: பதினொரு வாரம் முந்திப் பிறந்தவன், ஆகவே திருத்திய வயது எட்டரை மாதம்தான். பதினொரு மாதக் குழந்தைகளோடு ஒப்பிட்டு இப்போதே மனம் உடைய வேண்டாம். மருத்துவர் "இன்னும் சொல்ல முடியாது" என்றால் அவர் மழுப்புகிறார் என்று எண்ணாதீர்கள். நேர்மையான பதில் அதுவாகவே இருக்கலாம்.

"நான் என்ன தப்புச் செய்தேன்" என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அது உங்களுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மாமியார், கிரகணத்தன்று நான் வெளியே போனதைப் பதினைந்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். 24 முதல் 32 வாரம் வரை, கருவின் மூளையில் நீர் நிறைந்த அறைகளை ஒட்டிய வெண்பகுதி மிகவும் மென்மையானது. இரத்த ஓட்டமோ பிராணவாயுவோ குறைந்தாலும், கிருமித்தொற்றின் அழற்சி தாக்கினாலும், அந்த இடம்தான் முதலில் அடிபடும். கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. குறைமாதக் குழந்தைகள் பலருக்குக் கால்களில் இறுக்கம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 1861இல் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் பிரசவச் சிக்கலே இதற்குக் காரணம் என்று எழுதினார். மனநலத் துறையில் பின்னர் புகழ்பெற்ற ஃபிராய்ட், அப்போது நரம்பு மருத்துவராக இருந்தவர், 1897இல் அதை மறுத்தார். கருவிலேயே ஏற்பட்ட ஏதோ ஒன்றின் விளைவாகவும் பிரசவம் சிக்கலாகியிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் சிறு பகுதிக்கு மட்டுமே காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. வசதியான நாடுகளில்கூட ஆயிரம் பிறப்புகளில் ஒன்று முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது வருகிறது.

சரியான தகவல் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. முன்பெல்லாம் கடுமையான மஞ்சள்காமாலை மூளையைத் தாக்கிப் பல குழந்தைகள் செரிபிரல் பால்சிக்கு ஆளானார்கள். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள சிசுக்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்துருண்டையின் வாடை இந்தப் பிள்ளைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் காமாலையைக் கூட்டும் என்பதால், அவர்கள் பக்கத்தில் அதை வைக்காதீர்கள் என்று தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இரத்தப் பரிசோதனையும் அந்துருண்டை பற்றிய ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து ஒரு காரணத்தையே ஏறக்குறைய ஒழித்துவிட்டன.

இனி என் தவறு. மகளுக்கு ஒரு வயதிலிருந்து ஆறு வயதுவரை நான் இணையத்தில் தேடியது ஒரே கேள்வியைத்தான்: எப்போது நடப்பாள்? நடைப்பயிற்சிக் காணொளிகள், நடக்க வைத்த எண்ணெய்கள், நடந்துகாட்டிய அயல்நாட்டுப் பிள்ளைகள் என்று ஆயிரம் மணி நேரம் பார்த்திருப்பேன். ஒரு வெளிநாட்டுச் சிகிச்சை நிலையத்துக்குப் பதினான்கு பவுன் நகையை விற்றுப் போய் வந்தோம். அத்தனை தேடலிலும் "இடுப்பு" என்ற சொல்லை நான் ஒரு முறைகூடத் தட்டவில்லை. வேறு மருத்துவரிடம் மாறியபோது சில சந்திப்புகள் தவறிப்போயின, எக்ஸ்ரே எடுப்பதும் விட்டுப்போனது. டயப்பர் மாற்றும்போது அவள் அழுததைப் பிடிவாதம் என்று நினைத்தேன். ஆறு வயதில் படம் எடுத்தபோது இடது தொடையெலும்பின் தலை இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

தசை இறுக்கம் தொடையெலும்பை மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். தொடக்கத்தில் வலிக்காது, வெளியே தெரியவும் தெரியாது. செரிபிரல் பால்சி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இடுப்பு விலகுகிறது. முதல் நிலையில் அநேகமாக யாருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு. சுவீடனில் 1994 முதல் குழந்தைகளை வரிசையாகப் பதிவுசெய்து, குறித்த இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கத் தொடங்கிய பிறகு, இடுப்பு முற்றிலும் கழன்றுபோவது மிக அரிதாகிவிட்டது. முதல் எக்ஸ்ரே பொதுவாக 12 முதல் 24 மாதத்துக்குள் எடுப்பார்கள். உங்கள் மகனுக்கு அந்த வயது வருகிறது. "இடுப்புப் படம் எப்போது, அடுத்தது எப்போது" என்று கேட்டு, விடையைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் உங்கள் கையால் எழுதி வையுங்கள்.

மூளையில் ஏற்பட்ட காயம் பெரிதாகாது, ஆனால் உடல் வளரும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. இதைப் புரிந்துகொண்டால் எந்தத் தகவல் உங்களுக்குத் தேவை என்பது தானாகவே தெரியவரும்: அடுத்த ஆறு மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எதைப் பழக்க வேண்டும் என்பதுதான். பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்ற தேடலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எங்கே படிப்பது? ஆங்கிலம் ஓரளவு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேன்சைல்டின் தளத்தில் பெற்றோருக்கென்றே எளிய பக்கங்கள் உண்டு. அந்த மையத்தைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் 2012இல் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் ஆறு சொற்களை முன்வைத்தார்கள். தமிழில் செயல்பாடு, குடும்பம், உடல்வலு, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம் என்று சொல்லலாம். எதையும் "சரியாக" செய்ய வைப்பதைவிட, அவனால் முடிந்த விதத்தில் செய்ய விடுவதே முக்கியம் என்பது அவர்கள் வாதம். சிகிச்சையாளர்கள் பலர் இதைப் படமாகச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். நான் முதலில் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனேன். மகளுக்கு எட்டு வயதானபோதுதான் "குதூகலம்" என்ற சொல் அங்கே ஏன் இருக்கிறது என்று உறைத்தது. அதுவரை அவளை நாங்கள் எங்கேயும் விளையாட விட்டதில்லை, பயிற்சிதான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்திரேலியாவின் செரிபிரல் பால்சி அலையன்ஸ் நல்ல விளக்கங்கள் வைத்திருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாசிர் ரிஸ்ஸில் உள்ள செரிபிரல் பால்சி அலையன்ஸ் சிங்கப்பூர் வேறு. அது 1957இல் தொடங்கிய நம் ஊர் அமைப்பு, பழைய ஆட்கள் இன்னும் ஸ்பாஸ்டிக் சங்கம் என்றே சொல்வார்கள். அந்த ஆஸ்திரேலியத் தளத்தில் கட்டணமும் நாளும் தேடிவிட்டு இங்கே வந்து விசாரித்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் அவர் குழுவும் 2013இல் சிகிச்சை முறைகளை எல்லாம் அலசிப் போக்குவரத்து விளக்கு வண்ணங்களில் பிரித்தார்கள். 2020இல் புதுப்பித்தார்கள். பச்சை என்றால் செய்யலாம், மஞ்சள் என்றால் கவனத்தோடு, சிவப்பு என்றால் வேண்டாம். குழந்தை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பழகும் பயிற்சிகள் பச்சையில் இருக்கின்றன. பெற்றோர் வீட்டில் செய்யும் திட்டமிட்ட பயிற்சி பச்சை. இடுப்புக் கண்காணிப்பும் பச்சை. அழுத்த அறையில் பிராணவாயு கொடுப்பது சிவப்பு. குழந்தை சும்மா படுத்திருக்க, நாம் கைகாலை அசைத்துவிடும் முறைகளுக்கு மதிப்பு குறைந்துவிட்டது. யாராவது ஒரு சிகிச்சையைப் புகழ்ந்தால், அது எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தமிழில் தேடும்போது ஒரு வில்லங்கம். "மூளை முடக்குவாதம்", "பெருமூளை வாதம்" என்று இரண்டு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. "வாதம்" என்ற சொல் வந்தாலே பெரியவர்களின் பக்கவாதத்துக்கும் மூட்டுவலிக்குமான எண்ணெய் விளம்பரங்கள் முன்னால் வந்து நிற்கும். ஆகவே "செரிபிரல் பால்சி" என்று தமிழெழுத்தில் தட்டுங்கள், கூடவே அமைப்பின் பெயரையும் சேருங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆகிய இரண்டும் தமிழ்க் குடும்பங்களோடு நெடுங்காலமாக வேலை செய்பவை. அங்கே பேசப்படும் தமிழ் உங்கள் மாமியாருக்கும் புரியும், அது சிறிய விஷயமில்லை. ஆய்வு முடிவுகளின் எளிய சுருக்கங்கள் சிலவற்றைக் காக்ரேன் அமைப்பும் தமிழில் வெளியிட்டிருக்கிறது.

மகனுக்குப் பேச்சு தாமதமாகலாம், ஆகாமலும் போகலாம். செரிபிரல் பால்சி உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை. அப்படி நேர்ந்தால் நினைவில் வையுங்கள்: படங்களைத் தொட்டால் குரல் தரும் அவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானது, அதில் தமிழும் உண்டு. என் மகள் அதில் முதலில் தொட்டுச் சொன்ன முழு வாக்கியம், "பாட்டி, டிவியை மாற்று". வீட்டில் தமிழ் பேசினால் குழந்தை குழம்பும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பாட்டியோடு பேச முடியாத பிள்ளைக்கு எத்தனை ஆங்கிலப் பொத்தான் இருந்து என்ன?

சிங்கப்பூருக்குள் உதவி எங்கே என்று தெரிய, உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் எனேபலிங் கைடு தளத்தில் தொடங்குங்கள். ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தை எல்லாரும் எய்ப்பிக் என்பார்கள். குழந்தை மருத்துவர் பரிந்துரைத்தால்தான் சேர முடியும், நீங்களாகப் போய் நிற்க முடியாது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பிரிவில் பெற்றோரோ பராமரிப்பவரோ உடன் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். கணவர் ஷிஃப்ட் வேலை என்கிறீர்கள். யார் உடன் போவது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். நாற்காலி, நிற்கும் சட்டகம், பேச்சுக் கருவி போன்றவற்றுக்கு உதவிச் சாதன நிதி உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். வாழ்நாள் உச்சவரம்பு 40,000 சிங்கப்பூர் வெள்ளி. வளரும் பிள்ளைக்கு நாற்காலி பல முறை மாறும் என்பதால், முதல் நாற்காலியிலேயே ஆடம்பரம் வேண்டாம். பராமரிப்பாளர் பயிற்சிக்கு ஆண்டுக்கு 400 வெள்ளி வரை மானியம் இருக்கிறது. 2024க்கு முன் அது 200 வெள்ளியாக இருந்தது, பழைய தாள்களில் அந்தத் தொகையே இருக்கும். பணிப்பெண் வைத்திருந்தால் அவரையும் அந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம். குடியுரிமைக்கும் நிரந்தரவாசத்துக்கும் ஏற்ப விதிகள் மாறும். மருத்துவமனைச் சமூக ஊழியரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், தளங்களில் மூன்று இரவு தேடுவதைவிட அதிகம் கிடைக்கும். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். நான் முதல் இரண்டு ஆண்டு தயங்கித் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளியை இப்போது யோசிக்க வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்: 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

காணொளி அழைப்பில் சிகிச்சையாளரைப் பார்ப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2020இல் கொவிட் கட்டுப்பாடுகளால் எல்லாரும் வீட்டில் அடைந்தபோது எங்களுக்கு வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் அது. பயனுள்ளதுதான், முறையாகச் செய்தால். கைப்பேசியை மேசைமேல் வைத்தால் குழந்தையின் உச்சந்தலைதான் தெரியும். தரையில், அவன் மட்டத்தில் சாய்த்து வையுங்கள். டயப்பரும் கையில்லாச் சட்டையும் போதும், முழங்காலும் தோளும் தெரிய வேண்டும். தூங்கி எழுந்து, பால் குடித்து முக்கால் மணி கழித்து நேரம் கேளுங்கள். உங்கள் கைகளும் படத்துக்குள் வரட்டும், ஏனென்றால் சிகிச்சையாளர் திருத்த வேண்டியது பெரும்பாலும் நம் கைகளைத்தான். ஆனால் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பதும் விழுங்குவதைச் சோதிப்பதும் நேரில்தான்.

கைப்பேசியின் ஆகப்பெரிய பயன் அதன் கேமரா என்பேன். உங்கள் மகனின் தலை சட்டென்று குனிந்து, கைகள் விரிந்து, சில நொடிகளில் விட்டு, மறுபடியும் அதேபோல் வரிசையாக வந்தால், குறிப்பாகத் தூங்கி எழும் நேரத்தில் வந்தால், உடனே படம் பிடித்து அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாத வகை வலிப்பு அது. செரிபிரல் பால்சி உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. மருத்துவருக்கு நம் வருணனையைவிட இருபது நொடிக் காணொளி மேல்.

குழுக்கள். சேருங்கள், ஆனால் ஓரிரண்டில் மட்டும். சேர்ந்த முதல் வாரம் எதுவும் எழுதாமல் கவனியுங்கள். யாராவது சிகிச்சை கேட்டால் "மருத்துவரிடம் கேளுங்கள்" என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரா? யாராவது எதையாவது விற்கிறாரா? "என் பிள்ளை நடந்துவிட்டான், உங்கள் முயற்சி போதாது" என்ற தொனி வருகிறதா? கடைசியது வந்தால் அன்றே வெளியேறுங்கள். முதல் நிலைப் பிள்ளையின் தாயும் ஐந்தாம் நிலைப் பிள்ளையின் தாயும் ஒரே அறையில் உட்கார்ந்து அறிவுரை பரிமாறினால் இருவருக்குமே காயம்தான் மிஞ்சும். எனக்குப் பயன்பட்டது இருநூறு பேர் இருந்த குழு அல்ல. காத்திருப்பு அறையில் சந்தித்த, என் மகளைவிட நான்கு வயது மூத்த பையனின் தாய்தான், ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எந்தக் கரண்டி வளைந்த கையில் நிற்கும், பஸ்ஸில் சாய்வுப் பலகை இறக்கச் சொல்வது எப்படி, பல் துலக்கும்போது தாடையை எங்கே பிடிப்பது என்பதெல்லாம் அவர் அனுப்பிய குரல் செய்திகளில் கற்றது. கிளப் ரெயின்போ, கேரிங்எஸ்ஜி போன்ற அமைப்புகள் வழியாகவும் இப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளலாம். கணவரையும் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். நம் வீட்டு ஆண்கள் எல்லாவற்றையும் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள், பிறகு "நீ பயப்படுத்துகிறாய்" என்பார்கள்.

மகனின் படத்தைக் குழுக்களில் போட வேண்டாம். டயப்பரோடு, அழும் முகத்தோடு, சிகிச்சை மேசையில் இருக்கும் படம் அவனுக்குப் பதினேழு வயதாகும்போதும் எங்கேயோ இருக்கும். என் மகள் போன ஆண்டு அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து என்னிடம் மூன்று நாள் பேசவில்லை.

படங்கள் பார்க்க வேண்டும் என்றால் ஜெரலின் டான் போச்சியா, அதாவது உட்கார்ந்தபடி இலக்குப் பந்துக்கு அருகே பந்தைச் செலுத்தும் விளையாட்டு, ஆடுவதைப் பாருங்கள். செரிபிரல் பால்சி உள்ள நம் ஊர்ப் பெண், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். உங்கள் மகன் பதக்கம் வெல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பந்தை விடுவதற்கு முன் அவர் குறிபார்க்கும் அந்தப் பொறுமையைப் பாருங்கள். இந்த உடலோடு ஒருவர் பெரியவராகி எப்படி இருப்பார் என்று தெரியாமல்தான் நாம் பாதி பயப்படுகிறோம்.

இனி ஸ்டெம் செல். மாமியாரைத் திட்டாதீர்கள். பேரனுக்காக அவர் இரவில் தேடுகிறார், நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம், விற்பனைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வு என்றால் பதிவு எண் இருக்கும், நெறிக்குழு ஒப்புதல் இருக்கும், நம்மிடம் பல லட்சம் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 63 பிள்ளைகளைக் கொண்ட ஆய்வில், ஸ்டெம் செல்கள் உள்ள அவரவர் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொடுத்துச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் போலி மருந்து பெற்றவர்களைவிடப் பெரிய வேறுபாடு இல்லை. அதிக அளவு பெற்றவர்களிடம் மட்டும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அந்தத் துறையில் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஆனால் காணொளியில் சொல்வதுபோல் "மூன்று ஊசியில் நடப்பான்" என்று யாரும் நிரூபிக்கவில்லை. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று காட்டும் படங்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும், வளரும் பிள்ளை எப்படியும் ஏதாவது கற்றிருக்கும்.

எண்ணெய் தேய்த்துவிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. இறுக்கத்தை அது நிரந்தரமாக நீக்காது, ஆனால் பிள்ளைக்குச் சுகம், பாட்டிக்கும் ஒரு பங்கு. மூக்கில் மட்டும் சொட்டு எண்ணெய் விடக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெயால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது. ஊருக்குப் போனதும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குப் போகலாமா என்றால், மருத்துவர் தடை சொல்லாதவரை தாராளமாகப் போங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். நோய்விவரக் கடிதத்தின் ஒரு நகல் கையில் இருக்கட்டும், ஒன்று கைப்பேசியிலும் இருக்கட்டும். தடுப்பூசி நாளைப் பயணத்துக்கு முன் சரிபாருங்கள். காதுகுத்தும்போது மேளத்தை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகள் திடீர்ச் சத்தத்துக்கு உடல் முழுவதும் துள்ளுவார்கள், ஊசி பிடித்த கை தடுமாறும். மாமன் மடியில் அவனைக் கால்கள் இரண்டும் சேர்ந்து நீட்டியபடி உட்கார வைத்தால் கத்தரிபோல் பின்னிக்கொண்டு விறைப்பான். மாமனின் ஒரு தொடைமேல் குதிரை ஏறியதுபோல் கால்களை இருபுறமும் விட்டு, முழங்கால் மடங்க, முதுகு மாமன் மார்பில் சாய உட்கார வைக்க வேண்டும். கைகள் இரண்டையும் முன்னால் கொண்டுவந்து பிடித்தால் தலையும் நிதானமாக நிற்கும். இரண்டு நாள் முன்பே தலையணையை வைத்துப் பழகச் சொல்லுங்கள். என் தம்பி பழகவில்லை. அன்றைக்கு என் மகளைவிட அவன்தான் அதிகம் நடுங்கினான்.